மேலாளர் மூச்சை உள்ளே இழுத்த கதை

பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு வலி என்றால் என்னவென்று தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் மேலாளர் சொல்லிக் கொடுத்தார்.

"ப்ளூஸ்ங்கிறது வெறும் மியூசிக் இல்ல. அது வலி. அடிமட்டத்துல கிடந்து தவிக்கிறவனோட மூச்சு."

கூட்ட அறையில் சக்கரம் வைத்த ஒரே நாற்காலியில், குளிர்காற்று நேராக முகத்தில் படும்படி உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னார். கையில் ஒரு மவுத் ஆர்கன். தலைமைப் பண்புப் பயிற்சி முகாமுக்கு மூன்று நாள் போய்விட்டு வந்திருந்தார். அவர் முகாமுக்குப் போனாலே அலுவலகத்துக்கு ஒரு புதுத் திட்டம் வரும். முதல் தடவை போய்வந்து எல்லோரையும் கட்டிப்பிடிக்கச் சொன்னார். ஸ்டோர்ஸ்காரரின் வியர்வை அந்தத் திட்டத்தை இரண்டே நாளில் முடித்து வைத்தது. அடுத்த தடவை ஆளுக்கொரு கூழாங்கல் கொடுத்து, கோபம் வந்தால் அதைப் பார்க்கச் சொன்னார். கோபம் வந்தபோது எல்லோரும் அதைப் பார்க்கத்தான் செய்தார்கள். பார்த்துவிட்டு அவரையும் பார்த்தார்கள். கற்கள் திரும்பப் பெறப்பட்டன.

இந்தத் தடவை மவுத் ஆர்கன்.

"ஆறு வாரத்துல நம்ம இருபத்தஞ்சாவது ஆண்டு விழா. சேர்மன் வர்றார். நான் ப்ளூஸ் வாசிக்கப் போறேன். அப்புறம் இன்னொண்ணு, விழா முடிஞ்ச கையோட பர்ச்சேஸ்லேர்ந்து ஒருத்தர் புது ஃபேக்டரிக்கு மாறணும். யாருன்னு நான் முடிவு பண்ணுவேன். தலைமைங்கிறதே முடிவுதான். முடிவுங்கிறது…"

பர்ச்சேஸ் பிரிவில் மொத்தமே மூன்று பேர். ஒருவர் கோந்து. இருபது வருடமாக ஒரே நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருப்பவர். இன்னொருத்தி புதுப் பொண்ணு. சேர்ந்து நாலு வருடமாகிறது, பெயர் மட்டும் பழசாகவில்லை. மூன்றாமவர் தையல் மிஷின். உட்கார்ந்தால் அவருடைய வலது கால் தானாக ஆடும். நிறுத்து என்றால் நிற்கும். நிறுத்தச் சொன்னவர் திரும்பியதும் மறுபடி ஓடும்.

புது ஃபேக்டரி ரயிலில் எட்டு மணி நேரம். தையல் மிஷினின் மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் வேலை, பல வருடம் வீட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் கிடைத்தது. மகளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். அவர் போனால் தனியாகத்தான் போக வேண்டும். அதை நினைத்ததும் கால் வேகம் பிடித்தது.

"சார், அந்த மாற்றல் விஷயமா ஒரு…" என்று புதுப் பொண்ணு ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் அப்புறம்மா," என்று மேலாளர் ஒரே மூச்சில் தாண்டிப் போனார். அவர் பேச்சில் முற்றுப்புள்ளி கிடையாது. பதினோரு வருடத்தில் அதற்குள் யாரும் ஒரு வார்த்தையை நுழைத்ததில்லை. "என் கூட கிட்டார் வாசிக்க ஒரு ஆள் வேணும். நம்ம குடும்பத்துல கிட்டார் தெரிஞ்சவங்க யாராவது…"

அப்போது தையல் மிஷினின் முழங்கால் மேஜையின் அடிப்பலகையில் மடேரென்று இடித்தது. டீக் கோப்பைகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தன. மேலாளர் திரும்பினார்.

"என்ன, உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்," என்றது வாய்.

கிட்டாருடன் அவருக்கு இருந்த தொடர்பு ஒரு புகைப்படம். சித்தப்பா மகன் கல்யாணத்தின்போது ஸ்டுடியோவில் ஒரு கிட்டாரைக் கையில் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார்கள். அந்தக் கிட்டாருக்குக் கம்பி கிடையாது.

"தெரியும்னா சொன்னீங்க?" என்றாள் மனைவி, கண்ணாடித் தூசி படிந்த கையைக் கழுவிக்கொண்டே.

"முழங்கால் இடிச்சிடுச்சு."

"முழங்காலா பேசுச்சு?"

"அவர் ஆள் தேடுறார். கூட வாசிச்சா என்னை அனுப்பமாட்டார் இல்ல?"

"அதுக்கு ஆறு வாரம் கிட்டார் கத்துக்கணுமா? 'என்னால போக முடியாது சார்'னு ஒரு வரி சொல்லிட்டு வாங்களேன்."

"எங்க சொல்றது? அந்த ஆள் நடுவுல நிறுத்தினாத்தானே?"

மாடிவீட்டுக்காரர் காலி செய்துகொண்டு போனபோது ஒரு கிட்டாரைக் குப்பைத்தொட்டி அருகே சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். துணி உலர்த்தப் போன மகள்தான் அதைப் பார்த்துத் தூக்கி வந்தாள். ஆறு முறுக்காணிகளில் ஒன்று உடைந்து குச்சி மட்டும் நின்றது; இடுக்கியால் பிடித்துத் திருகினால்தான் அந்தக் கம்பி சுருதிக்கு வரும். இடுக்கியையும் சேர்த்து அது ஒரு முழு வாத்தியம்.

முதல் வாரம் விரல் நுனிகள் வீங்கின. பர்ச்சேஸ் ஆர்டர் தட்டச்சு செய்யும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் அவர் முகம் சுளித்தார். விலையைப் பார்த்துத்தான் சுளிக்கிறார் என்று நினைத்து ஒரு சப்ளையர் தானாகவே குறைத்துக் கொடுத்தார். கைபேசியில் வீடியோ பார்த்துப் பழகினார். அதில் வரும் ஆள் "இது ரொம்ப ஈஸி" என்று சொல்லிவிட்டு, பிறவியிலேயே ஏழு விரல் உள்ளவன் மாதிரி எதையோ செய்தான்.

"அப்பா, கொசு ஜலதோஷம் பிடிச்சு அழுற மாதிரி கேக்குது," என்றாள் மகள்.

அவரைக் குளியலறைக்கு மாற்றினார்கள். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து வாசித்தார். எதிர்வீட்டம்மா வந்து, மிக்ஸி ரிப்பேரா, தனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறான் என்றாள். மற்ற நேரத்திலும் அவரால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் கார்டுகள் நினைப்புதான்: குளித்தால் சி, பல் தேய்த்தால் ஜி, பேருந்துக் கம்பியைப் பிடித்தால் விரல்கள் தாமாக எதையாவது அழுத்திப் பார்த்தன. சி, ஜி, டி மூன்றும் தட்டுத்தடுமாறி வந்துவிட்டன. எஃப் மட்டும் வரவில்லை. அதற்கு ஆள்காட்டி விரலைப் படுக்கப் போட்டு ஆறு கம்பியையும் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். அவர் அழுத்தினால் ஒரு கம்பி ஒலிக்கும், மூன்று முனகும், மீதி இரண்டும் வேறு வேலை பார்க்கும்.

"ஆனா ஒண்ணுப்பா," என்றாள் மகள், கதவுக்கு வெளியே நின்று. "கைதான் தப்பு. கால் கரெக்டா போகுது."

அவர் குனிந்து பார்த்தார். ஈரத் தரையில் வலது கால் டட்-டா, டட்-டா என்று அடித்துக்கொண்டிருந்தது. வீடியோக்காரன் எவ்வளவோ சொல்லியும் கைக்கு வராத தாளம்; யாரும் சொல்லாமலே கால் போட்டுக்கொண்டிருந்தது.

மதிய இடைவேளைகளில் குடோனில் ஒத்திகை. மூடி அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்க, நடுவே இரண்டு நாற்காலி. முதல் ஒத்திகையிலேயே தையல் மிஷினுக்கு ஒன்று பிடிபட்டது. மேலாளர் மவுத் ஆர்கனைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். எண்கள் போட்ட பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று வீடியோவில் பார்த்திருந்தார். மேலாளரிடம் அது கீழே இருந்தது. காரணம், பயிற்சி முகாமின் பளபளக்கும் ஸ்டிக்கர். யாரோ அதை அடிப்பக்கத்தில் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். ஸ்டிக்கர் சபையைப் பார்க்க வேண்டும் என்பது மேலாளரின் கொள்கை. அதனால் சன்னமான குரல் வர வேண்டிய இடத்தில் கரகரவென்றும், கரகரக்க வேண்டிய இடத்தில் கீச்சென்றும் வந்தது.

"இதுதான் வலி," என்றார் மேலாளர்.

அவரிடம் தலைகீழ் என்று சொல்வதா? கம்பெனியில் அப்படிச் சொன்னவர்கள் இப்போது கம்பெனியில் இல்லை. மேலாளர் கை கழுவப் போன நேரம் பார்த்துத் தையல் மிஷின் ஸ்டிக்கரை நகத்தால் உரித்து மறுபக்கம் ஒட்டினார். அவசரத்தில் கொஞ்சம் கோணலாகிவிட்டது. மேலாளர் திரும்பி வந்தார், ஸ்டிக்கரைச் சபைக்குக் காட்டியபடி எடுத்து வாசித்தார், நிறுத்தினார்.

"பாத்தியா? பயிற்சின்னா இப்படி இருக்கணும். ஒரே நாள்ல எவ்வளவு முன்னேற்றம்!"

அடுத்தது எஃப். மவுத் ஆர்கனில் அதன் சுருதி சி என்று பொறித்திருந்தது; ஆகவே சி-யில்தான் வாசிப்பேன் என்றார் மேலாளர். சி-யில் வாசித்தால் கிட்டாருக்கு எஃப் வந்தே தீரும். ஐந்தாவது வரியில் ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டி மூடியைத் தரையில் கொட்டிய சத்தம் வந்தது.

"உனக்குக் கிட்டார் தெரியும்ல?" என்று மேலாளர் மூன்றாம் நாள் கேட்டார். அந்தக் கேள்வியின் மறுமுனையில் ரயில் நின்றுகொண்டிருந்தது.

கால் படபடத்தது. வீடியோவில் அரைகுறையாகக் கேட்ட ஒன்றை தையல் மிஷின் எடுத்துவிட்டார்.

"தெரியும் சார். ஆனா பெரிய பெரிய ப்ளூஸ்காரங்க யாரும் சி மவுத் ஆர்கனைச் சி-ல வாசிக்கமாட்டாங்களாம். ஜி-லதான் வாசிப்பாங்களாம். நீங்க ஊதுறீங்க. அவங்க உள்ள இழுப்பாங்களாம் சார். முதல் நாலு ஓட்டையை இழுத்தா ஜி வந்துடும். வலியெல்லாம் இழுக்கிறதுலதான் இருக்காம்."

ஜி-யில் வாசித்தால் கிட்டாருக்கு ஜி, சி, டி போதும். எஃப்பே வராது. அவர் சொன்னது உண்மைதான், சொன்ன காரணம்தான் வேறு.

மேலாளர் மவுத் ஆர்கனை வாயில் வைத்து இழுத்தார். வாழ்நாள் முழுக்க மூச்சை வெளியே மட்டும் அனுப்பிப் பழகிய உடம்பு. உள்ளே வந்த காற்றை யாரென்று கேட்டது. இருமினார். கண்ணில் நீர் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இழுத்தார். இரண்டாம் ஓட்டையில் ஒரு சத்தம் வந்தது: கனமாக, கொஞ்சம் அழுக்காக, கதவிடுக்கில் விரல் மாட்டியவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது போல. குடோனில் இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல் மிஷினுக்கு ரோமம் நின்றது. எரிச்சலாகவும் இருந்தது, இந்த ஆளிடமிருந்தா?

"இது நானா?" என்றார் மேலாளர். அவர் குரலில் முதல்முறையாகக் கேள்வி கேள்வியாகவே இருந்தது.

அன்றிலிருந்து அவருக்குப் பைத்தியம் பிடித்தது. காரில் இழுத்தார், லிஃப்ட்டில் இழுத்தார், கழிப்பறையில் இழுத்தார். வெளியே காத்திருந்தவர்கள் அவசரத்தை மறந்து நின்றார்கள். இழுக்கும்போதே சத்தத்தை வளைக்கலாம் என்று கண்டுபிடித்து, மூன்றாம் ஓட்டையை வளைத்து வளைத்து உதட்டைப் புண்ணாக்கிக்கொண்டார். பழக்கம் பேச்சிலும் தொற்றியது. ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் நெஞ்சு நிறைய நீளமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரக் கூட்டம் முக்கால் மணியில் முடிந்தது.

"மிஷின், உனக்குச் சிலையே வைக்கலாம்யா," என்றார் கோந்து. "ஆனா கடைசில உன்னைத்தான் அனுப்புவாரு பாரு."

"ஏன் வாயைக் கழுவ மாட்டீங்களா?"

"நான் எங்கயும் போகமாட்டேன். என்னை எடுக்கணும்னா நாற்காலியோட எடுக்கணும்."

புதுப் பொண்ணு மேலாளரின் ட்ரேயில் மறுபடி ஏதோ ஒரு தாளை வைத்துவிட்டுப் போனாள். அவள் மாதாமாதம் எதையாவது வைப்பாள். அந்த ட்ரேயில் அடியில் கிடப்பதை யாரும் பார்த்ததில்லை.

விழாவுக்கு முந்திய வாரம் தையல் மிஷின் ராத்திரியெல்லாம் வாசித்தார். மனைவி கண்ணாடிக் கடையிலிருந்து வரும் வழியில் பஞ்சும் மருந்தும் வாங்கிவந்து விரல்களைத் துடைத்துவிட்டாள். நுனிகள் காய்ந்து தோல் தடித்திருந்தது.

"இந்த விரலால தொட்டா எனக்கு ஏதோ வேற ஆள் தொடுற மாதிரி இருக்கு," என்றாள்.

"நல்லா இருக்கா, மோசமா இருக்கா?"

"சொறசொறன்னு இருக்கு. தூங்குங்க."

விழா மதியம், கேன்டீன் ஹாலில். பலகை அடுக்கி மேடை. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் வரிசையில் மனைவியும் மகளும். முன்வரிசை நடுவில் சேர்மன். எதற்கும் முகம் மாறாத பெரிய மனிதர். தையல் மிஷின் நாற்காலியில் உட்கார்ந்து, இடுக்கியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஜி பிடித்தார்.

முதல் சுற்று ஓடியது. மேலாளர் கண்ணை மூடி இழுத்தார். இரண்டாம் ஓட்டை முனகியது. முன்வரிசையில் யாரோ நிமிர்ந்தார்கள். இரண்டாம் சுற்று முடியும்போது மேலாளர் கண்ணைத் திறந்ததுதான் தப்பு. சேர்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளருக்கு எல்லாம் மறந்துபோனது. இழுப்பதை விட்டுவிட்டு, பழையபடி பலமாக ஊத ஆரம்பித்தார். ஊதினால் சி. கிட்டார் ஜி-யில் நின்றது. இரண்டும் முட்டிக்கொண்டு ஹாலில் ஒரு அசிங்கமான சத்தம் எழுந்தது.

கால் மட்டும் நிற்கவில்லை. பலகை மேடை டட்-டா, டட்-டா என்று அதிர்ந்தது. தையல் மிஷின் அந்தக் காலின் தாளத்தைப் பிடித்துக்கொண்டே கையைச் சி-க்கு மாற்றினார். அப்படியானால் நாலு வரி தள்ளி எஃப் வரும். வந்தது. விரலைப் படுக்கப் போட்டு, பல்லைக் கடித்து, ஆறு வாரக் குளியலறையையும் சேர்த்து அழுத்தினார். ஆறில் நாலு கம்பி ஒலித்தது. கம்பெனித் தரக்கட்டுப்பாட்டில் இது தேறாது, மேடையில் தேறியது. பின்வரிசையில் பேக்கிங் பெண்கள் காலால் தட்ட ஆரம்பித்தார்கள். முடிவில் கைதட்டல் சேர்மனுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். கடிகாரக் கையைக் கீழே போட்டுவிட்டு அவரும் தட்டினார்.

பிறகு மைக் பிடித்து, "நல்லா ஊதினீங்க," என்று மேலாளரிடம் சொன்னார். "புது ஃபேக்டரிக்குப் பொறுப்பா யாரைப் போடுறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். நீங்களே போய்ப் பாத்துக்குங்க."

மேலாளரின் முகத்தில் வலி என்பது முதல்முறையாகக் கலப்படமில்லாமல் தெரிந்தது. ஆனால் மைக் கையில் வந்ததும் மனிதர் சுதாரித்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம் சார். கலைஞன் தனியா போகமாட்டான். பர்ச்சேஸ்லேர்ந்து என் கூட வரப் போறது யாருன்னு இந்த மேடையிலேயே சொல்லிடறேன்," என்று தையல் மிஷினின் தோளில் கையைப் போட்டு, அடுத்த வாக்கியத்துக்காக நெஞ்சு நிறைய மூச்சை உள்ளே இழுத்தார்.

இரண்டு விநாடி. ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. பதினோரு வருடத்தில் இல்லாத இடைவெளி. தையல் மிஷினே தன் கையால் செய்து கொடுத்தது. மூன்றாம் வரிசையில் மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பார்த்தார். கால் நின்றிருந்தது.

"நான் வரல சார்," என்றார். மைக் அதைப் பிடித்து ஹாலின் நாலு மூலைக்கும் கொண்டுபோனது.

மேலாளர் இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றார். அதுவும் இடைவெளிதானே. கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"சார், நான் போறேன் சார்!" புதுப் பொண்ணு நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். "எங்கம்மா வீடு அங்கதான் சார். ஏழு தடவை எழுதிக் கொடுத்துட்டேன். எல்லாம் உங்க ட்ரேலதான் சார் இருக்கு."

"அப்புறம் என்னய்யா?" என்றார் சேர்மன்.

கோந்து நாற்காலியின் கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

கூட்டம் கலைந்தபின் மேலாளர் மேடைக்குப் பின்னால் வந்து நின்றார். திட்டுவார் என்று பார்த்தால் திட்டவில்லை. மூச்சை இழுத்தார்.

"அங்க எனக்கு யார்யா கிட்டார் வாசிப்பா?"

கேட்ட குரலைக் கேட்டுத் தையல் மிஷினுக்குப் பாவமாகிவிட்டது. "கழுத்துல மாட்டுற கம்பி ஸ்டாண்ட் ஒண்ணு இருக்கு சார். மவுத் ஆர்கனை அதுல வச்சுக்கிட்டா கை ரெண்டும் ஃப்ரீ. ரெண்டையும் ஒருத்தரே வாசிக்கலாம்."

"ரெண்டையுமா!" மேலாளரின் கண்ணில் அடுத்த முகாம் தெரிந்தது. "ஒரே ஆள், ஒரே குழு. இதுதான்யா தலைமை. உன் கிட்டாரைக் கொடு."

"எடுத்துக்குங்க சார்," என்றது வாய். இரண்டாவது தடவையாக அவரைக் கேட்காமல் பேசியது. அவர் மெதுவாகச் சட்டைப்பையிலிருந்து இடுக்கியையும் எடுத்துக் கொடுத்தார். "மூணாவது கம்பிக்கு இது வேணும் சார். ரொம்பத் திருகாதீங்க, அறுந்துடும்."

பேருந்தில் மூவருக்கும் ஒரே வரிசையில் இடம் கிடைத்தது. மகள் ஜன்னலோரம்.

"சரி, இனிமே குளிக்கலாம்," என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து மனைவி தன் முழங்கைக்குக் கீழே ஏதோ அழுத்துவதைக் கவனித்தாள்.

"என்ன இது?"

"எஃப்."

"வருதா?"

"தெரியல. உன் கையில கம்பி இல்லையே."

அவள் கையை எடுக்கவில்லை. இரண்டு நிறுத்தம் போயிற்று. "போதும், தடம் விழுது," என்றாள், அப்போதும் எடுக்கவில்லை.

"அப்பா, உங்க சார் அங்க போய் ரெண்டையும் சி-ல வாசிச்சு எஃப்ல மாட்டுவாரு," என்றாள் மகள்.

"கிட்டாரையும் ஜி-ல பிடிச்சா எஃப்பே வராது, மாட்டமாட்டாரு. நான் சொல்லியிருக்கணும்."

சொல்லாமல் விட்டது உறுத்தியது. கால் மெல்ல ஆரம்பித்தது, வேகம் பிடித்தது, சிக்னலில் பேருந்து குலுங்கி நின்றபோது முழங்கால் முன்சீட்டின் முதுகில் மடேரென்று இடித்தது. முன்சீட்டுக்காரர் முழுசாகத் திரும்பி, "என்ன?" என்றார்.

தையல் மிஷின் வாயைத் திறந்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லங்க. அவருக்கு எதுவும் தெரியாது."